தம்பியின் தூக்கம்

யாராவது கத்தினால் என் தம்பி தூங்கிவிடுவான். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

அறுபதுகளில், ஆரணிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நெல் பயிரிட்டுப் பிழைத்தோம். நைனா சாராயம் குடித்துவிட்டு வந்தால் அம்மாவை அடிப்பார். எனக்கு ஏழு வயது, தம்பிக்கு மூன்று. நைனா சைக்கிளைச் சுவரில் சாத்துகிற சத்தத்திலேயே அன்றைக்கு அடி உண்டா என்று எனக்குத் தெரிந்துவிடும். ஓடிப்போய் அரிவாள்மணையை ஒளித்துவைப்பேன். தம்பிக்கு எதுவும் செய்யத் தெரியாது. நைனா குரல் உயர்ந்ததும் அவனுக்குக் கண் செருகும். சோற்றுத் தட்டின் மேலேயே சாய்ந்துவிடுவான்.

"புள்ளைய இன்னாமோ புடிச்சிக்கினு கீது" என்று அம்மா தாயத்து கட்டினாள்.

சில வருஷங்களில் மஞ்சள்காமாலை வந்து நைனா இறந்தார். வீடு அடங்கியது, அவன் தூக்கம் மட்டும் போகவில்லை. வாத்தியார் அதட்டினால் பெஞ்சிலேயே தலை கவிழ்ந்துவிடும். சோம்பேறி என்று பெயர் வாங்கினான். எனக்கோ பாடமே காதில் ஏறாது. வெளியே யார் வருகிறார்கள் என்றுதான் கவனம் போகும்.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு இரும்புப் பட்டறையில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஒருநாள் மேஸ்திரி கத்தியபோது, ஓடுகிற மெஷின் முன்னால் அவனுக்குக் கண் செருகிவிட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"இது பேயும் இல்ல, சோம்பலும் இல்லம்மா. மூணு வயசுப் புள்ள எங்க ஓடும்? தூங்க வச்சுத்தான் மூளை அவனைக் காப்பாத்திச்சு. பயம் போயிடுச்சுன்னு அதுக்கு இன்னும் தெரியல."

அம்மா டாக்டரம்மாவிடம், "அப்பவே புள்ளைங்கள தூக்கிக்கினு நான் ஊட்ட உட்டுப் போயிருந்தா?" என்றாள்.

"போறதுக்கு இடம் இருந்திச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லம்மா."

கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த தம்பி சொன்னான்: "அழுவாத, அம்மா. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

அதைக் கேட்டுத்தான் அம்மா வாய்விட்டு அழுதாள்.

அவன் பட்டறைக்குத் திரும்பவில்லை, வயலோடு நின்றுவிட்டான். சாப்பாட்டு வேளையில் மற்ற வீட்டுப் பெண்கள் வரப்பில் நின்று குரல் கொடுப்பார்கள். அம்மா மட்டும் சேற்றில் இறங்கி அவன் பக்கத்தில் போய், தோளைத் தொட்டுக் கூப்பிடுவாள்.