எட்டு மணிக்கு விழுங்காத மாத்திரை

என் அத்தை பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதுவது அவள் வேலை. இரண்டு நிமிடம் பிந்தி வரும் டிரைவரைக்கூட விடமாட்டாள். "வாங்க மாப்பிள்ளை, இப்பத்தான் விடிஞ்சுதா?" என்பாள்.

நான்கு வருடங்களுக்கு முன் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. அவள் தம்பி, அதாவது என் அப்பா, தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். அன்று முதல் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை. கூடப்பிறந்தவன் கொடுத்ததே ஆனாலும் உடம்புக்கு அது அந்நியம்தான். தாக்கி அழிக்கத்தான் பார்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கி வைப்பது மாத்திரை. அளவு குறைந்தால் சிறுநீரகம் போய்விடலாம். கூடினால் மருந்தே அதைக் கெடுக்கும். சாதாரணச் சளிகூட உடம்பில் புகுந்து ஆட்டம் போடும். அதனால் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது பார்த்துத்தான் அளவைச் சொல்வார்கள்.

"என் கிட்னியைப் பத்திரமா பார்த்துக்கோ அக்கா" என்பார் அப்பா.

"உன் கிட்னி என்னடா உன் கிட்னி? கட்டிக் கொடுத்தாச்சுல்ல? இனிமே அது என் வீட்டு மருமகள்."

மாத்திரை போட்ட நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். நான்கு வருடமாக எல்லா வரியிலும் எட்டு, எட்டு, எட்டு.

போன மாதம் ரத்தம் கொடுத்துவிட்டு வந்த மறுநாள், மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தார். "மருந்து லெவல் ரொம்ப அதிகமா இருக்கும்மா. இன்னிக்கு ராத்திரியிலிருந்து ரெண்டுக்குப் பதிலா ஒண்ணு போடுங்க."

அத்தை "சரி" என்று சொல்லிவிட்டாள். ஆனால் மாத்திரை டப்பாவைத் திறக்கவில்லை. நோட்டையும் ரத்தம் எடுத்த சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு நேரங்களை ஒப்பிடுவதுதானே அவள் தொழில்! மாத்திரை போட்டது எட்டு மணி. ரத்தம் எடுத்தது ஒன்பதரை.

வழக்கமாக எட்டுக்குள் ரத்தம் எடுத்துவிடுவார்கள். அன்று லேப் திறக்கத் தாமதம். வரிசையில் நின்றபடியே, எட்டு அடித்ததும் பழக்கத்தில் விழுங்கிவிட்டாள். பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும், முன்னாடியே போட்டால் லெவல் கூடுதலாகத்தான் காட்டும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"உலகத்துக்கே நேரம் சொல்ற அக்கா!" என்று பக்கத்தில் இருந்த அப்பா சிரித்தார்.

"சிரிடா. டிப்போவுல தெரிஞ்சா இன்னும் சிரிப்பானுங்க." அவள் முகம் சிவந்திருந்தது. ஆனாலும் கை போனை எடுத்துவிட்டது. "சிஸ்டர், தப்பு என்னோடது. மாத்திரை போட்டுட்டுத்தான் ரத்தம் கொடுத்தேன். அந்த லெவலை நம்பிக் குறைச்சா இருக்கிற கிட்னியும் போயிடும். டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பதினொரு நிமிடம் காத்திருந்தாள். பழைய அளவையே போடுங்கள், காலையில் மறுபடி ரத்தம் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

மறுநாள் நானும் அவளோடு போனேன். அன்றும் வரிசை நகரவில்லை. எட்டு மணிக்கு அவள் கைப்பேசி அலறியது. அத்தை அதை அணைத்தாள். டப்பா மடியில் இருந்தது. அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டாள். எட்டேகால். எட்டரை. எட்டே நாற்பதுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும், அவர்கள் கேட்கும் முன்பே, "மாத்திரை இன்னும் போடலை, எழுதிக்கோங்க" என்றாள். ஊசி வெளியே வந்த பிறகுதான் விழுங்கினாள்.

அன்று மாலையே முடிவு வந்தது. லெவல் சரியாகவே இருந்தது. அளவு மாறவில்லை.

அப்பாவுக்குப் போன் போட்டாள். "டேய், உன் பொண்ணு சௌக்கியம்."

பிறகு நோட்டைத் திறந்து அன்றைய தேதிக்கு எதிரே 8.44 என்று எழுதினாள். முந்தைய பரிசோதனை நாளின் எட்டையும் விடவில்லை. சிவப்புப் பேனாவால் சுற்றி வளைத்து, டிப்போவில் டிரைவர்களுக்குப் போடுவது போலவே "தவறு" என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.