அரணை என்று நான் சொன்ன சலமண்டர்

கனடாவில், யூனியன்விலுக்கு வடக்கே, எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு சிறு காடு. அதற்குள் பனி உருகித் தேங்கும் குட்டை ஒன்று இருந்தது. கோடையில் வற்றிவிடும். வற்றுவதால் அதில் மீன் இல்லை. முட்டைகளைத் தின்ன மீன் இல்லாததால்தான் சலமண்டர் அங்கே வருகிறது. இதை எனக்குச் சொன்னவள், முட்டைகளைக் கணக்கெடுக்க வந்த ஆராய்ச்சிக்காரப் பெண். நான் ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவள். ஆனாலும் விளங்கியது. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கிடக்கும் பிராணி, வசந்தத்தின் முதல் மழைகளில் வெளியே வந்து, தான் பிறந்த குட்டையையே தேடி நடக்குமாம். உள்ளங்கை நீளம், ஈரத் தோல், விலாவில் நீலப் புள்ளிகள். பல்லி இனமல்ல, தவளைக்கு உறவு. அருகி வருவதால் சட்டப் பாதுகாப்பும் உண்டு.

குட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம், அங்கே என்ன பார்க்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் கேட்டார். ஆட்களோடு கதைக்க எனக்கு எப்போதும் கூச்சம். உள்ளே போய்விடும் அவசரத்தில், "அரணை மாதிரி ஒண்டு அண்ணை" என்றேன்.

யாழ்ப்பாணத்து மனிதரிடம் சொல்லக்கூடிய சொல்லா அது? அரணை தீண்டினால் ஆள் தப்பாது என்று பயந்து வளர்ந்தவர்கள் நாங்கள். உண்மையில் அரணைக்கே விஷம் கிடையாது.

அந்த வாரச் சனிக்கிழமை நான் வேலையால் வந்தபோது குட்டை இல்லை. அண்ணையும் மருமகனும் தோட்டத்து மண்ணைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொட்டி மட்டமாக்கியிருந்தார்கள். கையால் தோண்டினேன். சுள்ளி ஒன்றைச் சுற்றியிருந்த முட்டைக் கூழ் சேறாக வந்தது.

நேரே அவரிடம் போனேன்.

"அது அரணை இல்லை அண்ணை. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"எதெண்டா என்ன பிள்ளை? பேரப்பிள்ளையள் ஓடித் திரியிற இடம்."

"அது கடிக்காது. நீங்கள் அதைப் பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. ஒருவருமே பார்க்கவில்லை. "பல்லிக்கு வக்கீல் வந்திருக்கிறா" என்று மருமகனைப் பார்த்துச் சிரித்தார். இனி நுளம்புக் கடியும் குறையும் என்று அவன் சேர்த்துச் சொன்னான். என் வாயில் வந்த சொல்தானே என்ற கோபம் ஒரு பக்கம். திரும்பிப் பத்தடி நடந்து பார்க்காமலே மண்வெட்டி தூக்கியவர்கள் மேல் அதைவிடப் பெரிய கோபம்.

அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். திங்கட்கிழமை ஓர் அதிகாரியோடு வந்தாள். நிரப்பியது யார் என்று அதிகாரி கேட்டார். வீட்டைக் காட்டினேன். நான் சொல்லிய சொல்லையும் ஒளிக்காமல் சொன்னேன்.

அதிகாரியின் உத்தரவில், கொட்டிய மண்ணை அள்ளிவிட்டார்கள். முட்டைகள் தப்பவில்லை. சொந்தச் சனத்தைக் காட்டிக் குடுத்தவள் என்று அண்ணையின் மனைவி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறா. போய் மன்னிப்புக் கேள் என்கிறார் என் கணவர். கேட்கமாட்டேன்.

அடுத்த வசந்தத்தில் அவை வருமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். வளர்ந்தவை பல வருடம் உயிரோடிருக்கும், வரலாம் என்றாள். அதற்குமேல் அவளாலும் சொல்ல முடியவில்லை.