கல்லெறி பொறியும் மச்சாளின் கூந்தலும்

அந்தப் பொறியின் கயிற்றை முதலில் தொட்டுப் பார்த்தவர் என் மச்சாள்தான். என் கணவரின் மூத்த சகோதரி. கொலோன் பக்கத்தில் ஒரு ரோமர் மியூசியம். அதன் புல்வெளியில் மாட்டுவண்டி அளவில் மரத்தால் செய்த கல்லெறி பொறி நின்றது. இரண்டு பக்கமும் என் கைத் தடிப்புக்கு முறுக்கிய கயிறு. "பின்னல் மாதிரியெல்லே இருக்கு" என்றார்.

அன்று காலை அம்மன் கோயிலுக்குப் போய், நெற்றித் திருநீறும் அழியாமல் அப்படியே அங்கு வந்திருந்தோம். மகள் பள்ளிக்கூடத்தில் பழங்காலப் போர்க்கருவிகளைப் பற்றி வகுப்பின் முன் நின்று பேச வேண்டும், றெஃபராட் என்பார்கள். ரோம வீரன் போலச் சிவப்பு உடுத்திய ஒரு ஜெர்மன்காரர் விளக்கிக்கொண்டிருந்தார். அசீரியர்கள் சக்கரம் பூட்டிய இடிமரங்களால் மதிலை முட்டினார்களாம். கிரேக்கர்கள் முதலில் பெரிய வில்லைத்தான் மரச்சட்டத்தில் பூட்டினார்களாம். அது போதாமல் மிருகங்களின் தசைநாரையும் மயிரையும் திரித்து, அந்த முறுக்கின் விசையில் கல் எறியப் பழகினார்களாம். ரோமர்கள் அதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்களாம். என் படிப்பு ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றது. ஜெர்மன் மொழி, வேலை செய்த சமையலறைகளில் பிடித்தது. விளங்கியதை மச்சாளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பிறகு அந்த ஜெர்மன்காரர் கார்தேஜ் என்ற நகரத்தின் கதைக்கு வந்தார். ரோமர்கள் முற்றுகையிட்டபோது ஊரைக் காக்கும் பொறிகளுக்குக் கயிறு இல்லாமல் போக, அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் கூந்தலை அறுத்துக் கொடுத்தார்களாம்.

மச்சாளின் கூந்தலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல்போன மகன் திரும்பி வரும்வரை தலைமுடியில் கத்தரி வைப்பதில்லை, வந்ததும் முழுவதையும் இறக்கிக் காணிக்கை தருவது என்று அம்மனுக்கு நேர்த்தி வைத்தவர். நரைத்து, முழங்காலைத் தொட்டுவிட்டது. வுப்பர்டாலில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் நான்தான் முழுக வார்ப்பேன். "மச்சாள், முடி அடைச்சு அடைச்சு இந்தக் குளியலறைக் குழாய் ஒருநாள் உங்கள் மேல வழக்குப் போடும்" என்பேன். "அவன் வரட்டும், குழாய்க்கும் மோட்சம்தான்" என்பார்.

புல்வெளியில் அவர் கேட்டது ஒரே கேள்வி. "முடியைக் குடுத்தாப் பிறகாவது ஊர் தப்பிச்சுதோ?"

இல்லை என்று அந்த மனிதர் சொல்லி முடித்திருந்தார். மகள் என் கையை அழுத்தினாள். தப்பிச்சுது என்று சொல்லியிருக்கலாம். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஊர், யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஆனால் கோயிலுக்குப் போய்வந்த நாளில் வாயில் பொய் வரக்கூடாது என்று வளர்ந்தவள் நான்.

"இல்லை மச்சாள். முழுக்க எரிச்சுப் போட்டாங்கள்."

"ஓ" என்றார். கல் பறந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை முழுகுவதற்கு முன் கத்தரிக்கோலை நீட்டினார். "அந்த ஊர்ப் பொம்பிளையள் எல்லாருமே குடுத்தும் ஒண்டும் நடக்கேல்லை. நான் ஒருத்தி வளத்து என்ன வரப்போகுது? வெட்டு பிள்ளை."

"எனக்கு ஏலாது மச்சாள்."

"அப்ப நானே வெட்டுவன். கோணலா வரும், பிறகு சிரியாதை."

வெட்டினேன். அவர் அழவில்லை. கழுத்தைத் தடவி, "பாரமே இல்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன்ர திதிக்கு எந்த நாளை வைக்கிறது? நாளும் தெரியாதே" என்றார்.

இப்போது மச்சாள் நன்றாக நித்திரை கொள்கிறார். நல்லதுதான் நடந்தது என்கிறார் என் கணவர். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. என் புண்ணியத்தைக் காக்க நான் சொன்ன உண்மை, ஒரு தாய் இத்தனை காலம் பிடித்திருந்ததை அறுத்துவிட்டது. பாதியில் முறித்த நேர்த்தி குற்றம் என்பார்கள். அந்தக் குற்றம் அவரைச் சேரக்கூடாது.

பின்னலை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு தனியாக ரயிலேறிக் கோயிலுக்குப் போனேன். ஐயர் பிரித்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்ற பின்னல். பிறகு, நரை தட்டாத என் தலையைப் பார்த்தார்.

"யாற்ற நேர்த்தியம்மா இது?"

"என்ர, ஐயா" என்றேன். அம்மனுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன்.