மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு ஒரு நோக்கமில்லாத பயணம்

புதன்கிழமை காலை எட்டரைக்கு மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையில் பஸ் ஏறினோம், நானும் பக்கத்து வீட்டு நூர்ஜஹானும். நான் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறவள். அவள் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்கிறவள். சாதா பஸ், பெண்களுக்குக் காசில்லை. தி.நகர் நாலு கிலோமீட்டர்தான், ஆனால் ரோடெல்லாம் தோண்டிக் கிடப்பதால் முக்கால் மணி நேரம் ஆயிற்று. பள்ளத்தைச் சுற்றி அடித்த தகர வேலியில் பட்ட வெயில் ஜன்னல் வழியே முகத்தில் அடித்தது. கடையில் புடவை மூட்டையை இறக்கிவிட்டு அடையாறு பஸ்ஸைப் பிடித்தோம்.

அங்கேதான் அன்றைக்குச் சர்க்கார் போட்ட கூட்டம். வண்டிப் புகையால் ஊர் எப்படிச் சூடாகிறது, அதைக் குறைக்க பஸ்களை எப்படி ஓட்டுவது என்று சர்க்கார் ஆராய்ச்சி செய்திருக்கிறதாம். முடிவைக் கேட்க யாரும் வரலாம் என்று தெருவில் ஒட்டியிருந்தார்கள். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். எங்கள் ஸ்டாப்பில் இனி பஸ் நிற்காது என்பது வரைக்கும் படித்துவிட்டேன். பஸ் போனால் மூட்டையோடு ஆட்டோதான். ஆட்டோவுக்கு நூற்றைம்பது கேட்கிறார்கள். தைத்த கூலி அதிலேயே போய்விடும்.

அடையாறில் கூட்ட வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நூர்ஜஹான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "புகையப் பத்திப் பேச வந்தவங்க புகை இன்னா ஜோரா கீது பாருக்கா" என்றாள்.

உள்ளே குளிரில் பல் கிட்டியது. திரையில் ஊர்ப் படம் போட்டிருந்தார்கள். ஜனங்கள் வேலைக்குப் போகிற ரோடெல்லாம் சிவப்பு. எங்கள் தெரு வெளுத்துக் கிடந்தது. பேசிய அதிகாரி மரியாதையான மனிதர்தான். தேவையில்லாத பாதையில் ஓடும் பஸ்ஸும் புகைதான் விடுகிறது, அதைப் பெரிய ரோட்டுக்கு மாற்றினால் கார்காரர்கள் பஸ்ஸுக்கு வருவார்கள் என்றார். எங்கள் ஸ்டாப்பில் ஏறும் பெண்கள் செய்வது 'நோக்கமில்லாத பயணம்' என்று சொன்னார்.

எழுந்து, யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். நீங்களேதான் என்றார். ஆள் வைத்து ஸ்டாப்பில் ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. போன மாதம் கையில் போன் வைத்துக்கொண்டு ஒரு பெண், நாங்கள் படியில் கால் வைக்கிற நேரமாகப் பார்த்து, "எங்க போறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிளம்புகிறவளை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் என்னாகும்? "தூரமா?" என்றுதான் கேட்க வேண்டும். தெரியாமல் யாராவது கேட்டுவிட்டால், "சும்மா, இங்கதான்" என்று சொல்லி ஏறிவிடுவோம். வீட்டு வேலைக்குப் போகிறவளும் அப்படித்தான் சொன்னாள், சிறுநீரகத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவளும் அப்படித்தான் சொன்னாள். அந்தச் 'சும்மா'வைத்தான் ஆராய்ச்சி ஆக்கிவிட்டார்கள்.

"இம்மாம் பெரிய மூட்டையத் தூக்கிக்கினு எவ சார் சும்மா போவா? கேட்ட பொண்ணுக்குக் கண்ணு இல்லையா?" என்றேன்.

"பதிலைத்தாம்மா எழுதணும். பாத்ததை எழுதக்கூடாது" என்றார் அவர்.

உழைத்துச் சாப்பிடுகிற என்னைச் சும்மா போகிறவள் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. மறுபடி கேட்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அதுவரை எங்கள் ஸ்டாப்பிலிருந்து பஸ்ஸை எடுக்காதீர்கள் என்றேன். அது வேறு துறை, எங்கள் கையில் இல்லை என்றார். பிஸ்கட் தட்டு வந்தது, நான் தொடவில்லை. பிஸ்கட்மேல் என்ன ரோஷம் என்று நூர்ஜஹான் இரண்டு எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது நிற்கவே இடமில்லை. அடையாற்றுப் பாலம் தாண்டி ராஜா அண்ணாமலைபுரம் வரும்வரை ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். இந்த பஸ்ஸின் புகையை இத்தனை தலைக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு வரும்? வாசலில் ஓடிக்கொண்டிருந்த காரில் ஒரு தலைக்கு எவ்வளவு? ஊரைச் சூடாக்கியவர்கள் ஒருபக்கம் இருக்க, காரே இல்லாத எங்களிடமிருந்து பஸ்ஸைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்?

ஸ்டாப்பில் இருந்த பெண்களிடம் நடந்ததைச் சொன்னேன். இனி யார் கேட்டாலும் என்ன வேலைக்குப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றேன். தி.நகரில் மூன்று வீட்டில் பாத்திரம் துலக்குகிற சரோஜா ஒப்பவில்லை.

"கெளம்பசொல்ல சொன்னா போற காரியம் வெளங்குமாக்கா?"

"சொல்லாங்காட்டி போறதுக்கு பஸ்ஸே இருக்காதுடி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலை பஸ் வந்து நின்றது. கேள்வி கேட்கிற ஆள் யாரும் இல்லை. ஆனாலும் சரோஜா படியிலேயே நின்று, டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரைப் பார்த்துச் சொன்னாள்:

"மூணு வூட்ல பாத்திரம் தொலக்கப் போறேன். எழுதிக்கோ."