கோடையில் உவர்க்கும்

நான் ஒரு கிணற்றைப் பற்றிப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் கலியாணம் நின்றுபோனது.

கிணற்றுக்கும் கலியாணத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் தீவுப் பகுதி ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் சீதன வீட்டின் சுவரைப் பார்ப்பதற்கு முன்னர் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். சுற்றிவரக் கடல்... பாதிக் கிணறுகள் உவர். வளவுக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்துவிட்டால், பெண்ணின் நிறத்தைப் பற்றிக்கூட ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்!

இவ்வளவு காலமும் இதை எவரிடமும் சொல்லவில்லை. மாதா கோயிலில் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தபோதெல்லாம் கோபப்பட்டேன், புறங்கூறினேன், பிள்ளையை அடித்தேன் என்று சில்லறைப் பாவங்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தேன். இதை மட்டும் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தேன். சுவாமியாரிடம் சொல்லாததை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் எனக்கு மன்னிப்புத் தர முடியாதவர் என்பதால்தானோ...

நான் நெடுந்தீவில் பிறந்தவள். எனக்கென்று அப்பு, என் தகப்பனார், தொடங்கிய கல்வீடு அத்திவாரத்தோடு நின்றுவிட்டது. அவர் நோயில் விழுந்தார். அத்திவாரத்துக்குள் ஆடுகள் படுத்து எழும்பின. வீடில்லாமல்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். கணவருக்குக் கொழும்பில் வேலை இருந்தபடியால் அந்தக் குறை அப்போது தெரியவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து, கைக்குழந்தையோடு கப்பலேறி ஊர் வந்த பிறகுதான் தெரிந்தது.

மச்சாள் வீட்டு விறாந்தையில் ஒதுங்கினோம். அது அவளுடைய சீதன வீடு. அவளுடைய அடுப்பு காலியாகும்வரை காத்திருந்து என் பிள்ளைக்குக் கஞ்சி வைப்பேன். அவள் ஒரு சொல்லும் சொன்னதில்லை. பாத்திரங்களைச் சற்றுச் சத்தமாக வைப்பாள், அவ்வளவுதான்!

அடுத்த வருடம் ஊர்காவற்றுறைத் துறைமுகத்தடியில் வள்ள எஞ்சின் திருத்தும் வேலை கணவருக்குக் கிடைத்தது. அப்போதுதான் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தோம். பட்டினத்துக்குள்தான், ஆனாலும் சந்தைச் சத்தமோ பஸ் சத்தமோ எட்டாத ஒரு முடக்கு ஒழுங்கை. இரண்டு பக்கமும் பூவரச வேலி. பின்னேரங்களில் யாரோ கிணற்றில் வாளி விடும் சத்தம் கேட்கும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த அமைதியை நான் இன்னும் எந்த ஊரிலும் கேட்கவில்லை.

வீட்டுக்காரி கனகம் மாமி, கணவனை இழந்தவர். தென்பகுதியில் கடை வைத்திருந்த அந்த மனிதர் ஒரே மகள் யோகாவுக்காகக் கட்டிமுடித்த வீடு அது. தாயும் மகளும் வேலிக்கு அப்பால் பழைய வீட்டில் இருந்தார்கள். அவர்களும் காலங்காலமாகக் குடிதண்ணீர் அள்ளுவது இந்த வளவுக் கிணற்றில்தான். மாமி வீட்டுத் திறப்பை என் கையில் தரும்போது இரண்டு சொன்னார்.

"வெள்ளிக்கிழமையிலை மட்டும் மீன் மச்சம் காய்ச்சாதையுங்கோ. பிள்ளை வந்து சாமியறையிலை விளக்கு வைப்பாள். மற்றது... அவளுக்கு ஒரு இடம் சரிவந்தால் வீட்டை விட்டுத்தர வேணும். அதுக்குப் பிறகு மனவருத்தப்படக்கூடாது."

"ஓம் மாமி," என்றேன். அதை விடச் சுலபமாக நான் வேறு எதற்கும் ஓம் சொன்னதில்லை.

திறப்பைக் கையில் வாங்கியபோது எனக்கு என்ன நடந்தது என்று எப்படிச் சொல்வது? குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் குசினி! யாரும் காத்திருக்கச் சொல்லாத அடுப்பு! பிறகு கிணற்றடிக்குப் போனேன். துலாவை இழுத்து முதல் வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்தேன். அப்படியொரு தண்ணீர்... இளநீர் என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். மிகைப்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் யோகா வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வருவாள். விளக்கு வைத்துவிட்டு என் குசினி வாசலில் குந்திக் கதைப்பாள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். என் மகளுக்குத் தலை இழுத்துவிடுவாள். அவளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. சாதகத்தில் ஏதோ குற்றம், ஒன்றும் பொருந்தி வரவில்லை. அவளுக்கு வீடு இருந்தது, கணவன் இல்லை. எனக்குக் கணவன் இருந்தார், வீடு இல்லை. சில வேளைகளில் நாங்கள் இருவரும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நான் சிரித்தது பொய்ச் சிரிப்பு.

ஏனென்றால் அந்த வீடு எனக்குள் இறங்கிவிட்டது. முற்றத்தில் தோடை நட்டேன். மதிலோரம் மல்லிகை வைத்தேன். வாடகை வீட்டில் மரம் நடும் பைத்தியம் உண்டா? நான் நட்டேன். அது காய்க்கும்போது நான் அங்கே இருப்பேன் என்று எந்தத் துணிச்சலில் நினைத்தேன்!

சில வருடங்கள் போயின. ஒரு தை மாதம் யோகா ஓடி வந்தாள். வெள்ளிக்கிழமைகூட இல்லை. இறுப்பிட்டியில் ஒரு சம்பந்தம், பொருத்தம் நன்றாக வந்துவிட்டது. மாப்பிள்ளை சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தார். நயினாதீவுக் கோயிலில் தூர நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம்.

"வள்ளத்தாலை இறங்கேக்கை ஒரு கிழவியைக் கையிலை பிடிச்சு இறக்கிவிட்டவர் அக்கா. நான் பாக்கிறன் எண்டு அவருக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததுதானே உண்மை?"

அவள் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். கட்டிப்பிடித்தபடியே அவள் தோளுக்கு மேலால் என் தோடங்கன்றைப் பார்த்தேன். பார்த்தீர்களா, எப்படிப்பட்டவள் நான்!

சில நாட்களில் ஒரு காலைப்பொழுது, ஒரு பெண்மணி படலையடியில் வந்து நின்றார். நல்ல சேலை, கையில் குடை. தண்ணீர் கேட்டார். நான் செம்பில் கொடுத்தேன். அவர் அண்ணாந்து குடித்துவிட்டு, கடைசி மிடறை வாய்க்குள் வைத்து மெல்ல விழுங்கினார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, அவர் மாப்பிள்ளையின் தாய். பெண்வீட்டாரைக் கேட்டால் தங்கள் கிணற்றை உவர் என்று சொல்வார்களா? பக்கத்து வளவுகளில் அவர்களின் சொந்தக்காரர். குடியிருப்பவளைத்தான் கேட்க வேண்டும்.

"நீர் எந்த ஊர் பிள்ளை?"

"நெடுந்தீவு அம்மா."

"கனகாலமோ இதிலை இருக்கிறீர்?"

"ஓம். நாலைஞ்சு வரியமாகுது."

"தண்ணி இப்ப நல்லாய்த்தான் கிடக்கு. மழை முடிஞ்ச கையோடை எல்லாக் கிணறும் நல்லாய்த்தான் கிடக்கும்." அவர் செம்பைத் திருப்பித் தந்தார். "கோடையிலை என்ன மாதிரி?"

தை மாதத்தில் குடித்துப் பார்த்து அதை அறிய முடியாது. கோடையை அங்கே கழித்தவளுக்குத்தான் தெரியும். பெண்வீட்டாரை விட்டால் அதற்குப் பதில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான்.

நான் யோசித்தேனா? யோசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறி வந்தது என்று உங்களிடமும் பொய் சொல்ல மாட்டேன். மச்சாளின் விறாந்தை கண்ணுக்குள் வந்தது, பாத்திரச் சத்தம் காதுக்குள் கேட்டது.

"கோடையிலை உவர்க்கும் அம்மா. குடிக்க ஏலாது. நாங்கள் வெளியிலை இருந்துதான் அள்ளிக்கொண்டு வாறனாங்கள்."

அவர் கிணற்றுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "உண்மையைச் சொன்னனீர். நல்லாய் இரும் பிள்ளை," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். என்னை வாழ்த்திவிட்டுப் போனார்... என்னை!

அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. மாப்பிள்ளையின் லீவு முடியப்போகிறது, கோடைவரை பொறுத்திருந்து பார்க்க யாருக்கு நேரம்? கிணறு உவர் என்று அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டதாகத் தரகர் வந்து சொன்னார். யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. எதிர்வீட்டு றோசம்மாதான் எரிச்சலில் சொல்லியிருக்கிறாள் என்று யோகா முடிவு கட்டினாள். சின்ன வயதிலிருந்து கூடப் படித்த சிநேகிதி அவள். அவளோடு கதைப்பதை அன்றோடு விட்டாள்.

பிறகு என்னிடம் வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"அக்கா, நீங்கள்தானே இந்தத் தண்ணியைக் கோடையிலையும் குடிக்கிறனீங்கள். நாங்கள் சொன்னால் நம்பமாட்டினம். ஒருக்கா என்னோடை இறுப்பிட்டிக்கு வந்து சொல்லுவியளோ? நீங்கள் சொன்னால் நம்புவினம்."

நான் சொன்னதைத்தான் நம்பினார்கள், யோகா! அதை அன்றே சொல்லியிருக்கலாம்...

"வாறன்," என்றேன். மறுநாள் காலை அவள் வெளிக்கிட்டு, பூ வைத்து, படலையில் வந்து நின்றாள். பிள்ளைக்குக் காய்ச்சல், பொறுக்கச் சொல்லுங்கோ என்று கணவரை அனுப்பினேன். அவர் என்னைப் பார்த்தார். பிள்ளை முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் போய்ச் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு போய்விட்டாள். யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று நான் பார்த்தேன். மாசி பிறப்பதற்குள் மாப்பிள்ளைக்கு வேறு இடம் முற்றாகிவிட்டது.

வீடு எனக்கு மிஞ்சியது. சந்தோஷப்பட்டேனா என்று கேளுங்கள். பட்டேன்! மல்லிகை பூத்தபோது சந்தோஷப்பட்டேன். தோடை காய்த்தபோது சந்தோஷப்பட்டேன். மனச்சாட்சி என்னை அன்றிரவே தின்றுவிட்டது என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரும். அப்படி நடக்கவில்லை. நன்றாகத்தான் சாப்பிட்டேன், நன்றாகத்தான் உறங்கினேன்.

தின்னத் தொடங்கியது கோடையில். யோகா வழமை போல வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி, வாய்க்குள் வைத்து, அந்தத் தாய் செய்தது போலவே மெல்ல விழுங்கினாள்.

"அக்கா... கொஞ்சம் உவர்க்குதோ? எனக்கு விளங்கேல்லை. நீங்கள் ஒருக்கா குடிச்சுப் பாருங்கோவன்."

குடித்துப் பார்த்தேன். "இல்லையடி, நல்லாய்த்தான் கிடக்கு," என்றேன். அவள் தலையாட்டினாள். அடுத்த வெள்ளியும் அள்ளிப் பார்த்தாள். அதற்கடுத்த கோடையிலும் பார்த்தாள். பிறந்த நாளிலிருந்து குடித்து வளர்ந்த தண்ணீரை அவளுடைய நாக்கு நம்பாமல் போய்விட்டது. அதைச் செய்தது நான்.

பிறகு சண்டை மூண்டு, தீவுகளை விட்டு எல்லோரும் ஓட வேண்டி வந்தது. செல் விழுந்த காலையில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வள்ளம் ஏறினோம். வீட்டைப் பூட்டவும் நேரமில்லை. பொய் சொல்லிக் காப்பாற்றிய வீட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருக்கிறோம். இதுவும் வாடகை வீடு. இதுவும் ஓர் அமைதியான ஒழுங்கைதான்; கிணறும் நல்ல கிணறு. ஆனாலும் பின்னேரத்தில் பக்கத்து வளவில் வாளி இறங்கும் சத்தம் கேட்டால் என் கை தானாகவே துலாக்கயிற்றைத் தேடுகிறது. இங்கே கப்பிதான். அந்தக் கிணற்றுக் கட்டின் வழுவழுப்பு, முற்றத்தில் விழுந்து கிடக்கும் மல்லிகை, வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வரும் அவளுடைய தலை... இவற்றுக்காக ஏங்க எனக்கு என்ன உரிமை? இருந்தும் ஏங்குகிறேன். எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் தாகம் தீரவில்லை.

போன கிழமை யோகா வந்தாள். சந்தையில் என் மகளைக் கண்டு, விசாரித்து வந்திருந்தாள். கனகம் மாமி காலமாகிவிட்டார். யோகா ஒரு சிறுவர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள், காதோரம் நரைத்துவிட்டது. நான் கதிரை போட்டு, தண்ணீர் கொடுத்தேன். பேணியை வாயில் வைத்து, மெல்ல விழுங்கினாள். இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"அங்கை இருந்து வந்த ஆள் ஒருத்தர் சொன்னவர் அக்கா. ஆரோ மெசின் போட்டு இறைச்சு இறைச்சு இப்ப எங்கடை கிணறு நல்ல உவராம்."

அவள் பேணியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப முந்தியும் கோடையிலை கொஞ்சம் உவர்த்துத்தான் இருக்கும், என்ன? நாங்கள் குடிச்சுப் பழகினதாலை விளங்கேல்லைப் போலை. பாவம், றோசம்மாவோடை வீணாய்க் கோவிச்சுக்கொண்டு திரிஞ்சிட்டன். நீங்களும் அண்டைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு வரேல்லை. நான் உள்ளுக்குள்ளை உங்களிலையும் கோவம்தான். அதை விடுங்கோ, வந்திருந்தாலும் பொய்யெல்லோ சொல்லியிருப்பியள்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எத்தனையோ வருடப் பாரத்தை இறக்கி வைத்தவளின் சிரிப்பு. என்னையும் மன்னித்துவிட்டாள், நான் செய்த குற்றம் எதுவென்று தெரியாமலே.

சொல்ல வாய் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். இதைச் சொன்னால் அவள் இறக்கி வைத்ததை மறுபடி தூக்குவாள் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அது இரக்கத்தின் குரலா, பயத்தின் குரலா? எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

"இருக்கும்," என்றேன்.

அவள் பேணியில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தாள். "இது நல்ல தண்ணி அக்கா," என்று சொல்லிக் கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்களாவது தெரிந்து வைத்திருங்கள். நான் அங்கே இருந்த எந்தக் கோடையிலும் அந்தக் கிணறு உவர்க்கவில்லை.