டீ சொல்லிட்டேன், வாங்க

"டீ சொல்லிட்டேன், வாங்க." எங்கள் சர்வரின் நினைவகத்தில் அந்த வரி இன்னும் இருக்கிறது. சர்வரை நிறுத்தினால் அழிந்துவிடும். அதனாலேயே மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

எழுதியவர் பாய். கள்ளக்குறிச்சியில் அவருடைய செல்போன் கடையின் பின்னறையிலிருந்துதான், மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் போகும் வேன்களில் இடம் பிடித்துத் தரும் இணையதளத்தை இருவரும் நடத்தினோம். நாற்பதைத் தாண்டிப் பைத்தான் கற்றவன் நான். எழுதியது ஓடினால் முதலில் ஆச்சரியப்படுகிறவனும் நானே. வேகத்துக்காக ரெடிஸ் என்ற நினைவகக் கிடங்கைத் தளத்தோடு இணைத்து, சோதனையாக 'வணக்கம்' என்று போட்டேன். எக்ஸ் எழுத்தும் எண்களுமாக ஏதோ திரும்பி வந்தது. "இன்னா சார், உங்க தமிழு மெஷினுக்கே வெளங்கல" என்றார் பாய். பதிலை எழுத்தாக்கித் தரச் சொல்லி இணைப்பில் ஒரு சொல் சேர்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

அதன்பின் தினமும் காலையில், இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்க, பாய் தன் பெயரில் ஒரு வரி போடுவார். நான் வீட்டிலிருந்து படிப்பேன். "மலையில மழை, வேன் லேட்டு." "போண்டா ஆறிக்கினு இருக்கு." ஒரு மணி நேரத்தில் தானாக அழியும்படி ஆயுளும் வைப்பார். "பேசுனத வச்சிக்கினு இன்னா சார் பண்றது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வரை நிறுத்தித் தொடங்கினேன். ஹார்டு டிஸ்க் வட்டில் சேமிக்கும் வசதியை முன்பே முடக்கியிருந்ததை மறந்துபோனேன். அன்றைய இருக்கைப் பதிவுகள் மொத்தமும் போயின. ஒரே இருக்கைகளைக் கேட்டு இரண்டு குடும்பங்கள் கடை வாசலில் நிற்க, அவர்கள் எதிரிலேயே பாயிடம், "எதையாவது தொட்டீங்களா?" என்று கத்தினேன். அவர் எதையும் தொடவில்லை. "இல்லீங்க சார்" என்றார். அவ்வளவுதான். தவறு என்னுடையது என்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. கடைப்பக்கம் போவதையும் காலை வரியைப் பார்ப்பதையும் நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த மாதம் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு மகளோடு இருக்கச் சென்னை போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அந்த டீ வரியைப் பார்த்தேன்; நான் கத்திய பிறகு ஏதோ ஒரு காலையில் போட்டது. ஆயுள் எவ்வளவு என்று கேட்டால் கிடங்கு 'மைனஸ் ஒன்று' என்கிறது. முடிவே வைக்கவில்லை என்று அர்த்தம். பாய் மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா?

ஒரே கட்டளையில் அதை வட்டில் சேமிக்கலாம். சேமித்தால் அது பழைய காகிதமாகிவிடும். இப்போது இன்னும் அழைப்பாக இருக்கிறது. போன் செய்யலாமே என்பீர்கள். எண் இருக்கிறது. விரல்தான் பாதியில் நின்றுவிடுகிறது.

கடவுச்சொல்லை நான் மாற்றவில்லை; அவருக்கு அது தெரியும், சென்னையிலிருந்தும் திறந்து பார்க்கலாம். இன்று காலை அவர் வரிக்குப் பக்கத்தில் என் பெயரில் ஒன்று போட்டேன்: "தப்பு என்னுதுதான் பாய். வந்துக்கினு இருக்கேன்."

ஆயுள் வைக்கவில்லை.