ஊசி போட்டவர் பெயர்

என் வேலைப் பையில் எப்போதும் மூன்று பொருட்கள் இருக்கும்: ஒரு டிஜிட்டல் வெப்பமானி, ஆறு அங்குல இரும்பு ஸ்கேல், கிளிப் வைத்த அட்டை. ஆஸ்பத்திரிகளிலும் மருந்துக் கிடங்குகளிலும் இருக்கும் குளிர்பெட்டிகள் சரியான குளிரில்தான் இருக்கின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. தென்காசியில் தொடங்கி சிவகிரி வரை போய்வருவேன். பெட்டியைத் திறப்பேன், அளப்பேன், அட்டையில் டிக் போடுவேன், கையெழுத்து வாங்குவேன். எதையும் பட்டியல் போடாமல் எனக்கு யோசிக்க வராது. முகத்தில் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று அக்கா சொன்னபோதும் நான் முதலில் செய்தது அட்டையை எடுத்ததுதான்.

அக்கா ஒன்றாம் வகுப்பு டீச்சர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். குத்துக்கல்வலசையில் அம்மா, அக்கா, நான் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். சின்ன வயதிலிருந்து வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, அவளுடைய புருவங்களுக்கு நடுவில் இரண்டு செங்குத்துக் கோடுகள் விழுந்துவிட்டன. சும்மா இருக்கும்போதும் யாரையோ திட்டப் போகிறவள் போலத் தெரிவாள். அந்த ஜூனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை அவள் அருகில் வரவே மறுத்து, வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறது.

“எனக்குக் கோவமே வராது. உனக்குத் தெரியும்லா,” என்றாள் அக்கா. “ஏட்டி, அந்தப் பிள்ள என் மூஞ்சியப் பாத்து ஒண்ணுக்குப் போயிட்டு.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, திருநெல்வேலியில் இருக்கும் ஒரு தோல் டாக்டரம்மா. போன் செய்தால் மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். இன்னொன்று, குற்றாலத்தில் ஐந்தருவி போகும் சாலையில் ஒரு தங்கும் விடுதியில் சீசனுக்காக நடக்கும் அழகு முகாம். அதன் நோட்டீஸில் கோட் போட்ட டாக்டர் ஒருவரின் படம், அவர் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டங்கள், கீழே ‘சுருக்கம் நீக்கும் ஊசி, பத்தே நிமிடம்’. அந்தச் சனிக்கிழமையே இடம் இருந்தது.

அக்காவுக்கு முகாம்தான் பிடித்தது. அதற்கு அவசரம் மட்டும் காரணமில்லை.

“ஆஸ்பத்திரி வாசல்ல நம்மள ஒருத்தி பாத்தா போதும், என்ன வியாதின்னு தெருவே கேக்கும். குத்தாலத்துக்குப் போனா எவளும் கேக்க மாட்டா. குளிக்கப் போறோம், அவ்ளோதான்.”

அம்மாவிடமும் அதையேதான் சொன்னோம். மூஞ்சியில் ஊசி என்றால் அம்மா சாப்பாட்டை விட்டுவிடுவாள். குளிக்கப் போகிறோம் என்றதும் அடுப்பங்கரைக்குப் போய் நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து வந்து என் பையில் வைத்தாள்.

“சாரல் நல்லா இருக்காம். நல்லா எண்ணெயத் தேச்சு நில்லுங்க. போன வருசம் மாதிரி தலையில ரெண்டு சொட்டு தெளிச்சிட்டு வந்து நின்னீங்கன்னா வீட்டுக்குள்ள விட மாட்டேன்.”

“சரிம்மா,” என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்.

என் பட்டியலில் பதினொரு வரிகள். வெள்ளிக்கிழமையே எழுதி முடித்தேன். மருந்துக் குப்பி முத்திரை உடையாமல் இருக்கிறதா. பேட்ச் எண். காலாவதித் தேதி. எங்கள் கண்முன்னால் திறப்பார்களா. புது ஊசியா. டாக்டரின் பதிவு எண் உண்மையானதா. அதை முந்தின நாளே இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டேன். அந்தப் பெயர், அந்தப் படிப்பு, எல்லாம் சரியாக இருந்தது. அந்த மருந்தைக் குளிரில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். அதற்கு மட்டும் இரண்டு வரிகள்.

முகாமில் என் வெப்பமானியைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. “தாராளமா பாருங்க மேடம்,” என்று குளிர்பெட்டியைத் திறந்து காட்டினாள், இளநீலக் கோட் போட்ட ஒரு பெண். நான்கு டிகிரி. டிக். குப்பியைக் கையில் வாங்கி எண்ணை எழுதிக்கொண்டேன். டிக். டாக்டர் வந்தார். படத்தில் இருந்த அதே ஆள். அக்காவின் நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பார்த்தார், “சின்ன விஷயம்மா,” என்றார், பக்கத்து அறைக்குப் போனார். ‘டாக்டர் இருக்கிறாரா’ என்ற வரிக்கும் டிக் போட்டேன்.

ஊசி போட்டது இளநீலக் கோட்.

அது எனக்குத் தெரிந்தது. அப்போதே தெரிந்தது. ஆனால் என் பதினொரு வரிகளும் நிறைந்திருந்தன. சான்று கொடுக்கும் வேளையில் எனக்கு வரும் நிம்மதி வந்துவிட்டிருந்தது. அக்கா கண்ணை மூடி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். ஐந்து தடவை பிடி இறுகித் தளர்ந்தது. எழுந்து வெளியே வந்தோம். மறுபடி எப்போது வர வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

வெளியே சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. விடுதியிலிருந்து ஐந்தருவி நடக்கிற தூரம்தான். பை கனத்தது. எண்ணெய் பாட்டில் முழுதாக இருந்தது.

“இத இப்படியே கொண்டு போனா அம்மா கேப்பா,” என்றேன்.

“அப்ப குளிச்சிட்டே போயிருவோம். பொய் சொன்ன மாதிரியும் இருக்காது,” என்றாள் அக்கா. அவளுக்கு ஊசி முடிந்த சந்தோஷம்.

பெண்கள் பக்கம் படியில் உட்காரவைத்து நான்தான் அவளுக்கு எண்ணெய் தேய்த்தேன். உச்சியில் ஊற்றி, காதுக்குப் பின்னால் தேய்த்து, இரண்டு கட்டைவிரல்களையும் புருவ நடுவில் வைத்துக் காதுப்பக்கமாக அழுத்தி இழுத்தேன். எங்கள் வீட்டில் எண்ணெய் தேய்க்கும் முறை அது. “அங்கன இன்னும் அழுத்து. சுகமா இருக்கு,” என்றாள். அழுத்தினேன். பிறகு அருவிக்குக் கீழே கால் மணி நேரம் நின்றாள். ஐந்தருவித் தண்ணீர் தலையில் விழும்போது ஆள் குத்துவது போல இருக்கும். அவள் முகத்தை அண்ணாந்து நீட்டினாள்.

அம்மா எங்கள் ஈரத்தலையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், தோசை ஊற்றப் போனாள்.

புதன்கிழமை காலையில் அக்கா பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். இடது கண்ணிமை பாதிக் கண்ணில் நின்றிருந்தது.

“தூக்கம் சரியில்ல,” என்றாள். இமையை உயர்த்தப் பார்த்தாள். வலது புருவம் மட்டும் அசைந்தது. இமை அப்படியே இருந்தது. பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

முகாம் எண்ணுக்கு அழைத்தேன். அணைத்து வைத்திருந்தார்கள். விடுதிக்கு அழைத்தேன். “அவங்க ஞாயித்துக்கிழமையே காலி பண்ணிட்டாங்கம்மா. எங்கன போனாங்கன்னு தெரியாது.”

போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. மருந்து பரவினால் விழுங்க முடியாமல் போகலாம், மூச்சு தடைப்படலாம், அது சில நாட்கள் கழித்துக்கூட வரலாம் என்று இருந்தது. ஹாலில் அக்கா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் தொண்டையைப் பார்த்தேன். ஒரு வாய், ஒரு விழுங்கல். அடுத்த வாய். தண்ணீர் குடித்துவிட்டு இருமினாள். சாதாரண இருமல்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வாய்க்கும் நானும் அவளோடு சேர்ந்து விழுங்கினேன்.

திருநெல்வேலி டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். டாக்டரம்மாவே வாங்கிப் பேசினார். விழுங்குகிறார்களா, பேச்சு குழறுகிறதா, இரண்டு இரண்டாகத் தெரிகிறதா, கை தூக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் அக்காவைக் கை தூக்கச் சொல்லிப் பார்த்துப் பதில் சொன்னேன்.

“இன்னைக்கே வாங்க. வழியில விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம்னா இங்க வரணும்னு நினைக்காதீங்க. பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.”

பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். பாவூர்சத்திரம் தாண்டும் வரை நாலு தடவை தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

“ஏட்டி, எனக்குத் தாகமில்ல. நீ என்னைய எடை போட்டுக்கிட்டே வார,” என்றாள். ‘எடை’ என்ற சொல் தெளிவாக வந்ததா, குழறியதா என்று யோசித்தேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். அவள் ஒற்றைக் கண்ணால் என்னை முறைத்தாள். மற்றக் கண்ணால் முறைக்க முடியவில்லை. அந்தக் கோடுகள் போயிருந்தன என்பதை அப்போதுதான் கவனித்தேன். நெற்றி குழந்தையின் நெற்றி போல வழவழவென்று இருந்தது.

டாக்டரம்மா விளக்கைக் கண்ணில் அடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்தார். அதில் முகம் வரைந்திருந்தது.

“எத்தனை யூனிட் போட்டாங்க?”

தெரியாது.

“எந்தெந்த இடத்துல?”

அக்கா விரலால் காட்டினாள். ஒன்று கண்ணுக்கு மிக அருகில் இருந்தது.

நான் அட்டையை நீட்டினேன். பேட்ச் எண், தேதி, நான்கு டிகிரி. அவர் முழுவதும் படித்தார். “மருந்து சரியா இருந்திருக்கு. இவ்வளவு யாரும் பாக்க மாட்டாங்க,” என்றார். “ஊசி போட்டது யாரு? அவங்க பேரு என்ன?”

அந்தக் குப்பியின் எண் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். அக்காவின் கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில் ஊசியைப் பிடித்தவளின் பெயரை நாங்கள் கேட்கவே இல்லை.

“சரி. அதுக்கப்புறம் எங்க போனீங்க?”

“ஐந்தருவிக்கு,” என்றாள் அக்கா.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “குத்தாலத்துல வச்சு ஊசி போடுறாங்க. அருவிக்குப் போவீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கலையா? அன்னைக்கு அந்த இடத்தைத் தொடவே கூடாது.”

“எண்ணெய் தேச்சது நான்தான்,” என்றேன். “அழுத்தித் தேச்சேன்.”

அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. “ஊசி தப்பான இடத்துல இறங்கியிருக்கலாம். நீங்க தேச்சதும் காரணமா இருக்கலாம். எதுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டையும் ஊசி போட்டவங்கதான் பாத்திருக்கணும்.” பிறகு அக்காவிடம் சொன்னார்: “பார்வைக்கு ஆபத்து இல்ல. ஆனா போட்டத திருப்பி எடுக்க மருந்து கிடையாது. தானா சரியாகணும். வாரக்கணக்குல ஆகும். விழுங்கறதுல எதாவது மாற்றம்னா ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க வழியில்லை. அம்மா முழுவதையும் கேட்டாள். அடுப்பங்கரைக்குப் போய் நின்றாள். “எண்ணெயக் குடுத்து விட்டது நான்தானட்டி,” என்றாள்.

அக்கா விடுப்பு எடுத்தாள். தினமும் காலையில் அவளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, இரும்பு ஸ்கேலைக் கன்னத்தில் சாய்த்து வைத்து, மேலிமைக்கும் கீழிமைக்கும் நடுவில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளந்தேன். வலது பத்து மில்லிமீட்டர். இடது ஐந்து. அடுத்த நாள் ஐந்து. அதற்கடுத்த நாள் நாலரை. அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. ஸ்கேலை ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்றாள் அக்கா. இருக்கலாம். மூன்றாம் வாரம் ஆறு. ஆறாம் வாரம் ஒன்பது. ஒரு காலை அளக்க வந்த என்னைப் பார்த்து அவள் இரண்டு கண்களையும் அகல விரித்து, “போதும் ஏட்டி, போ. பஸ்ஸு போயிரும்,” என்றாள். அதற்குப் பிறகும் பத்து நாள் அவளுக்குத் தெரியாமல் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் கோடுகள் திரும்பி வந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளுக்கு இல்லை.

“டாக்டரம்மாட்ட போறேன். பயம் உனக்குத்தான். நீ வரண்டாம்,” என்றாள்.

போனேன். புது அட்டையில் முதல் வரியாக, ஊசி பிடிக்கப் போகிறவர் பெயர் என்று எழுதியிருந்தேன். டாக்டரம்மா அதைப் படித்துத் தன் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். ஏதாவது தப்பாகப் போனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். தன் எண்ணையும் எழுதினார். முகம் வரைந்த தாளில் ஐந்து புள்ளிகள் வைத்து ஒவ்வொன்றுக்கும் அருகில் அளவை எழுதி, நகலை அக்காவிடம் கொடுத்தார். போன தடவை இமை இறங்கியதால் இம்முறை இறங்காது என்று உறுதி சொல்ல முடியாது, வேண்டாம் என்றால் இப்போதுகூட எழுந்து போகலாம் என்றார். என் அட்டையில் இல்லாத கேள்வியைக் கடைசியில் அவர்தான் கேட்டார்.

“இங்கருந்து நேரா எங்க போவீங்க?”

“வீட்டுக்கு,” என்றாள் அக்கா. “அம்மாட்ட சொல்லிட்டுத்தான் வந்தோம்.”

ஊசி போட்டபின் நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது, நெற்றியைத் தொடக் கூடாது. பஸ்ஸில் அவள் ஜன்னல் கம்பியில் தலை சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. ஆலங்குளம் தாண்டியதும் அவள் வகிட்டிலிருந்து ஒரு சொட்டு வியர்வை இறங்கி, புருவ நடுவை நோக்கி மெதுவாக வந்தது. துடைக்க என் கை தானாக எழுந்தது. பாதி வழியில் நிறுத்தினேன். கட்டைவிரல்களை உள்ளங்கைக்குள் மடித்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். சொட்டு புருவத்தில் வந்து நின்றது. அவள் இமைத்தாள். இரண்டு இமைகளும் சேர்ந்து இறங்கி, சேர்ந்து ஏறின. நான் நாட்களை எண்ணினேன். போன தடவை நான்காம் நாள் காலையில்தான் இமை இறங்கியது.